முடியும் தேதி

அத்தியாயம் 17

சம்ரீன் டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பாள். யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அப்புறம்தான். பாலக்கரையில் அவளுக்குத் தெரிந்த வீடுகளில், அச்சுக்குப் போகும் முன் "சம்ரீன்கிட்ட ஒருதரம் காட்டிடுங்க" என்பார்கள். அதில் அவளுக்குப் பெருமைதான். இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் டீச்சர், இருக்காதா பின்னே?

அந்தப் பெருமை தவிடுபொடியான நாள் இது.

அன்றைக்கு அவள் தங்கை ஷாஜியாவின் நாற்பதாம் நாள். மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த பிறகு வீட்டு வாசலில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மா நஜ்முன்னிசா தன் சின்ன மருமகன் பாசிலைப் பார்த்து, மூணு மாசம் நோயை மறைத்தே என் பிள்ளையை அனுப்பிவிட்டீர்கள் மாப்பிள்ளை, இனி இந்த வாசப்படியை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சம்ரீன் சும்மா நின்றாளா? ஒரு போன் பண்ண உங்களுக்குக் கை வரவில்லையா என்று அவளும் சேர்ந்துகொண்டாள். பாசில் பதிலே பேசவில்லை. பேசாமல் நின்றதையே எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

வயிற்றில் கட்டி. குடும்பத்துக்குத் தெரிந்தபோது ஷாஜியாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அதற்கப்புறம் பதினொரு நாள்தான் இருந்தாள்.

காலையில் சம்ரீன் ஸ்கூலுக்குக் கிளம்பும்போதே அம்மா அடுப்படியில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். அஸர் தொழுகை முடிந்து ஹஜ்ரத் வருவார், ஃபாத்திஹா ஓதிச் சோறு கொடுக்க வேண்டும், நாலரைக்குள் வந்துவிடு என்றாள். சம்ரீன் செருப்பை மாட்டிக்கொண்டே, பாசில் நேற்று எனக்கு போன் பண்ணினார், ஃபாத்திஹாவுக்கு வரலாமா என்று கேட்டார் என்று இழுத்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"வர வேணாம்னு சொல்லிட்டேன்."

அம்மா தலையாட்டிவிட்டு மறுபடி முந்திரியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சம்ரீன் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். குவைத்தில் இருக்கும் கணவர் நசுருதீன் அனுப்பிய ஆறுதல் மெசேஜைப் பாலத்தில் போகும்போது படித்தாள். அதில்கூட ஒரு சந்திப்பிழை இருந்தது.

ஸ்கூலில் அவளுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. அக்டோபரில் அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்த ஆன்லைன் பயிற்சி. ஆசிரியர்களுக்கானது, பன்னிரண்டு வாரம். தனியாகச் சேர முடியாது, கூட்டாளி வேண்டும். ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் அதே பக்கத்தின் ஓரத்தில் குறிப்புப் போட வேண்டும். ஷாஜியா திருவெறும்பூர் பக்கம் ஒரு சின்ன நர்சரி ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். "அக்கா, நாம சேருவோம்க்கா, அந்த சாக்குலயாவது வாரம் ஒருதரம் என்கிட்ட பேசுவே" என்று அவள்தான் இழுத்தாள்.

பன்னிரண்டாவது வாரத்தை சம்ரீன் தனியாகத்தான் முடித்தாள். பயிற்சி நடத்துகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லித் தவணை வாங்கியிருந்தாள். அந்தத் தவணை இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பாக்கி இருந்தது கடைசிக் கட்டுரை ஒன்றுதான்: 'உங்கள் கூட்டாளியிடமிருந்து கற்றுக்கொண்டது என்ன? முந்நூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதுக. கூட்டாளியின் பதிவு ஒன்றை இணைக்கவும்.' அதை அனுப்பினால்தான் இருவருக்கும் சான்றிதழ். ஷாஜியா பெயர் போட்ட காகிதம் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள்.

கட்டுரையை முந்தாநாளே எழுதியாகிவிட்டது. 'கூட்டுக் கற்றல் என் சிந்தையில் புதிய வாசல்களைத் திறந்தது' என்று ஆரம்பம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டர் டீச்சர் லின்சி அதைப் படித்துவிட்டு, டீச்சர், இது ஆண்டு விழா வரவேற்புரை மாதிரி இருக்கு என்றாள். சம்ரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இணைக்க ஒரு பதிவு வேண்டும், பழசை எடுத்துக் கொடு என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வசதி. குறிப்பைப் பார்த்து முடித்ததும் 'முடிந்தது' என்று அழுத்தினால் அது கண்ணைவிட்டு மறைந்துவிடும். சம்ரீன் எதையும் பாக்கி வைக்காத ஆள், எல்லாவற்றையும் அழுத்தி முடித்திருந்தாள். லின்சி எதையோ தட்டி மறைந்ததையெல்லாம் வரவழைத்தாள். ஏழாவது வாரத்தில் நிறுத்தி, இது நல்லா இருக்கே டீச்சர், லீவ் லெட்டர் என்றாள்.

சம்ரீனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மாணவரின் இடத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே பிழைகளோடு ஒரு கடிதம் எழுதுங்கள், கூட்டாளி திருத்தட்டும். அதுதான் ஏழாவது வாரப் பயிற்சி. ஷாஜியா வேண்டுமென்று பிழை விட வேண்டியதே இல்லை, இயல்பாகவே வரும் என்று அன்றைக்குக் கிண்டல்கூடப் பண்ணினாள். சின்ன வயசிலிருந்தே ஷாஜியாவுக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்ட அம்மா பரீட்சைப் பேப்பரைப் படிக்க மாட்டாள், எத்தனை மார்க் என்று மட்டும் கேட்பாள். தமிழில் பத்துக்கு ஆறைத் தாண்டினால் ஷாஜியா தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள்.

திரையில் கடிதம் இருந்தது.

'மதிப்பிற்குறிய டீச்சர்,

எனக்கு உடம்பு சறியில்லாத காரணத்தாள் பள்ளிக்கு வர முடியவில்லை. வயிற்று வழி அதிகமாக இருக்கிறது. டாக்டர் பெறிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். மறுந்து கேட்கவில்லை. எங்க அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் தாங்க மாட்டார்கள். நீங்கள் மட்டும் ஒருநாள் வந்து பார்த்தால் எனக்கு நல்லா இருக்கும். ஆகவே எனக்கு ....... முதல் ....... வரை விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.'

ஓரத்தில் சம்ரீன் போட்ட குறிப்புகள் வரிசையாக நின்றன. உரிய, சரியில்லாத, காரணத்தால், வலி, பெரிய, மருந்து. 'எங்க அம்மா என்பது பேச்சு வழக்கு. எங்கள் அம்மா என எழுதுக.' 'நீங்கள் மட்டும் ஒருநாள் வந்து பார்த்தால்: விடுப்புக் கடிதத்தில் தேவையற்ற வாக்கியம். நீக்குக.' 'தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இல்லை. எப்போது திரும்பி வருவாய் என்று தெரிய வேண்டாமா? பிழையான சொற்களைப் பத்து தடவை எழுதுக. 7/10. கற்பனை நன்று.'

அதற்குக் கீழே ஷாஜியா ஒரே வரி பதில் போட்டிருந்தாள். 'சரி டீச்சர்.'

அப்புறம் சம்ரீன் 'முடிந்தது' என்று அழுத்தியிருக்கிறாள். தேதி டிசம்பர் பத்து, காலை எட்டு பத்து. பஸ்ஸில் வரும்போது. அரையாண்டுத் தேர்வு நேரம், நூற்று எண்பது பேப்பர் கட்டு கட்டாகக் கிடந்த வாரம். அந்த வாரம் ஷாஜியா இரண்டு முறை போன் பண்ணினாள். இரண்டு முறையும், பேப்பர் திருத்திட்டிருக்கேன்டி, அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்தவள்தான் சம்ரீன்.

லின்சிக்கு ஒன்றும் புரியவில்லை. இதையே இணைத்துவிடலாமா டீச்சர் என்று கேட்டாள். சம்ரீன் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு வேளை முடிந்து பெல் அடித்ததுகூடக் காதில் விழவில்லை. கூடப் பிறந்தவள் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள், இவள் மார்க் போட்டிருக்கிறாள். அல்லாவே, நான் என்ன பிறவி என்று வாய்விட்டே சொன்னாள்.

தலைமையாசிரியர் அற்புதசாமியிடம் அரை நாள் லீவு கேட்டாள். தாராளமா போங்கம்மா, எழுதி மட்டும் கொடுத்துடுங்க என்றார் அவர். சம்ரீன் காகிதத்தை எடுத்தாள். 'இன்று பிற்பகல் முதல்' வரைக்கும் எழுதிவிட்டாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. சார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை, மிச்சத்தை நான் போட்டுக்கிறேன், நீங்க கிளம்புங்க என்று காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

பாசில் குடியிருக்கும் கைலாசபுரம் போய்ச் சேர இரண்டு பஸ். டிசம்பரிலும் இரண்டு பஸ்தான் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லையாம்!

பாசில் அங்கே பெரிய தொழிற்சாலையில் வெல்டர். காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தான். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் பாய் விரித்து, ஒரு தட்டில் நாலு வாழைப்பழமும் கொஞ்சம் சர்க்கரையும் வைத்து, ஊதுபத்தி கொளுத்தித் தனியாக உட்கார்ந்திருந்தான். வர வேண்டாம் என்று சொன்னார்களே, அதனால் அவன் நாற்பதை அவன் வீட்டிலேயே ஓதிக்கொண்டிருக்கிறான்.

வாங்க அக்கா என்று எழுந்தான். கோபமாகப் பேசினாலும் தாங்கியிருப்பாள். அவன் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

சம்ரீன் போனில் அந்தக் கடிதத்தைக் காட்டினாள். பாசில் பார்த்துவிட்டு, தெரியும் என்றான். ஷாஜியா எழுதும்போது பக்கத்தில்தான் இருந்தானாம். அம்மாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது, அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாளாம். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், போனில் சொன்னால் அக்கா வைத்துவிடுவாள், எழுதினால் கண்டிப்பாகப் படிப்பாள் என்றாளாம்.

"நீங்க படிச்சிட்டீங்கன்னுதான் நான் நெனச்சிட்டிருக்கேன் அக்கா. படிச்சும் வரலையேன்னு..."

"படிக்கல பாசில். திருத்தினேன்."

பாசில் அவளையே பார்த்தான். நாற்பது நாளாக அவள் அவனைக் குற்றவாளி என்று நினைத்திருந்தாள், அவன் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தான். பின்னே அன்றைக்கு நான் வாசலில் கத்தினபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாள்.

"அம்மா முன்னாடி உங்களைக் காட்டிக் கொடுத்தா ஷாஜியாவுக்குப் பிடிக்காது அக்கா. அம்மாவுக்கு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்திதானே."

சம்ரீன் அழுதாள். நாற்பது நாளும் ஊருக்காக அழுதது வேறு, இது வேறு. பாசில் தடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தான்.

பயிற்சிக்காக ஷாஜியா வைத்திருந்த நோட்டு. நடுப்பக்கத்தில், டீச்சர் சொன்னபடி, தப்பாய் எழுதிய வார்த்தைகளை ஒவ்வொன்றும் பத்து தடவை எழுதியிருந்தாள். வலி வலி வலி வலி. மருந்து மருந்து மருந்து. போகப் போக எழுத்து கோணலாகி, கடைசி வரிகள் கோட்டைவிட்டே இறங்கியிருந்தன. ஆனால் ஒரு பிழை கிடையாது.

அடுத்த பக்கத்தில் கடிதத்தைத் திருத்தமாக எழுதி வைத்திருந்தாள். அக்கா வந்ததும் காட்டி மூணு மார்க்கையும் வாங்கிக்கொள்வேன் என்றாளாம். எங்கள் அம்மா என்று மாற்றியிருந்தாள். தேவையற்ற வாக்கியத்தை நீக்கியிருந்தாள். தேதி போட வேண்டிய இடத்தை மட்டும் சம்ரீன் இரண்டு மூன்று தடவை படித்தாள். இந்தத் தடவை படிக்கத்தான் செய்தாள்.

'ஆகவே எனக்கு இன்று முதல், அக்கா வந்து பார்க்கும் வரை, விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

மூன்றே முக்கால் ஆகியிருந்தது. சம்ரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சட்டையை மாத்துங்க, கிளம்பலாம் என்றாள். பாசில் தயங்கினான். அம்மா சொன்னாங்களே என்றான். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன் என்று வாழைப்பழத் தட்டையும் அவளே தூக்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் போகும்போது கட்டுரையை எடுத்தாள். புதிய வாசல்கள் திறந்ததையெல்லாம் அழித்தாள். இந்தப் பயிற்சியின் மூன்றாவது வாரப் பாடம் என்ன தெரியுமா? திருத்தும் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கப் படியுங்கள் என்பதுதான். அதற்கு வைத்த தேர்வில் சம்ரீன் முழு மார்க்.

'என் தங்கை எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் அதைப் படிக்காமல் திருத்தினேன். இணைப்பில் இருக்கும் குறிப்புகள் என்னுடையவை. பாடம் எனக்குத் தெரிந்திருந்தது, அவளிடம் அதைக் காட்டவில்லை' என்று எழுதி அனுப்பப் பார்த்தாள். முந்நூறு சொற்களுக்குக் குறைவு என்று சிவப்பாக வந்தது.

இதற்குமேல் எழுத அவளிடம் என்ன இருக்கிறது? டீச்சருக்குத் தெரிந்த தண்டனை ஒன்றுதான். 'படிக்காமல் திருத்த மாட்டேன்' என்று அடித்தாள். மூன்று சொல். மறுபடி அடித்தாள். 'படிக்காமல் திருத்த மாட்டேன். படிக்காமல் திருத்த மாட்டேன்.' ஒட்டி ஒட்டி நிரப்பியிருக்கலாம், அவள் ஒவ்வொன்றாகவே அடித்தாள். திருவெறும்பூர், அரியமங்கலம் எல்லாம் தாண்டியும் விரல் நிற்கவில்லை. பாசில் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். பாலக்கரை நெருங்கும்போது சிவப்பு பச்சையானது. அனுப்பினாள். வாழ்த்துகள், சான்றிதழ்கள் தயார் என்று உடனே வந்துவிட்டது. இரண்டு பெயர்கள். ஷாஜியாவின் பெயரில் பிழை எதுவும் இல்லை.

வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்திருந்தன. உள்ளே நெய்ச்சோறு வாசம். ஹஜ்ரத் வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா வாசலுக்கு வந்தாள், பாசிலைப் பார்த்தாள், சம்ரீனைப் பார்த்தாள். எதுக்கு இவரைக் கூட்டிட்டு வந்தே என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அம்மா, இவர் மறைக்கல, ஷாஜியா டிசம்பர்லயே என்கிட்ட சொல்லிட்டா, நான்தான் கவனிக்கல என்றாள் சம்ரீன். அம்மா நம்பவில்லை. மாப்பிள்ளையைக் காப்பாத்த என்னத்தையோ சொல்றே என்றாள். சம்ரீன் போனை எடுத்து நீட்டினாள். அம்மாவின் கண்ணாடி உள்ளே இருந்தது. நீயே படி என்றாள்.

வாசலில் நின்றபடியே சம்ரீன் படித்தாள். வயிற்று வலியையும், கேட்காத மருந்தையும், எங்க அம்மாவுக்குத் தெரியாது என்பதையும் படித்தாள். எங்கள் என்று மாற்றாமல், எங்க என்றே படித்தாள். நீங்கள் மட்டும் ஒருநாள் வந்து பார்த்தால் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தாள். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். அந்த ஓரத்துல சிவப்பா என்னமோ இருக்கே, அது என்ன என்றாள்.

நான் பிழை திருத்தினதும்மா என்றாள் சம்ரீன்.

அம்மாவுக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. அந்த வீட்டில் எந்தப் பேப்பர் வந்தாலும் எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"எத்தனை மார்க் போட்டே?"

"ஏழும்மா. பத்துக்கு ஏழு."

அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஹஜ்ரத் ஓத ஆரம்பித்துவிட்டார். பாசில் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சம்ரீனும் வாழைப்பழத் தட்டோடு அவன் பக்கத்திலேயே வெளியே நின்றாள்.